கூட்டத்தைப் பேச வைக்கும் கேள்விகள்: மலைக் கிராமங்களில் கலந்துரையாடல் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்பவை

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், குந்தா, கூடலூர் பக்கத்தில் மகளிர் சுய உதவிக் குழுவையோ, சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்தையோ, பள்ளி மேலாண்மைக் குழுவையோ நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறதா? இந்தப் பக்கம் உங்களுக்காகத்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேடையில் நன்றாகப் பேசுவது எப்படி என்பதற்கு இதில் எதுவும் இல்லை. வந்திருப்பவர்களைப் பேச வைப்பது எப்படி என்பது மட்டும்தான்.

விஷயத்தை நேரடியாகச் சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்குக் கேள்வி?

சொல்ல வேண்டியதாக இருந்தால் சொல்லிவிடுங்கள். மானியத்துக்குக் கடைசித் தேதி என்ன, எந்தெந்த நகல் வேண்டும் என்பதையெல்லாம் கேள்வி கேட்டு வரவழைப்பது எல்லோருடைய நேரத்தையும் வீணாக்குவது. பதில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கும்போதுதான் கேள்வி தேவைப்படுகிறது.

மண்சரிவை எடுத்துக்கொள்வோம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். எந்தெந்த இடங்கள் ஆபத்தானவை என்ற பட்டியல் இன்று மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டுப் பின்சுவரில் போன மழைக்குப் புதிதாக நீர் கசிந்தது, மேல் தோட்டத்தில் வெட்டிய கால்வாய்த் தண்ணீர் இப்போது எந்தப் பக்கம் திரும்புகிறது, படிக்கட்டில் விழுந்த விரிசல் தை மாதத்தில் இருந்ததா என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். பேரிடர் பற்றி நீங்கள் ஒரு மணி நேரம் பேசினாலும் இதில் ஒன்றுகூட வெளியே வராது.

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது அடிப்படையில் ஒன்றுதான்: உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேளுங்கள். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பெரியவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும். அப்புறம் உங்கள் முகத்தைப் பார்த்துச் சரியான விடையைத் தேடுவார்கள். அவர்கள் மனதில் இருப்பது உள்ளேயே தங்கிவிடும்.

முதல் கேள்வி எப்படி இருக்க வேண்டும்?

அங்கே இருக்கும் யாரும் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கருத்தைக் கேட்க வேண்டாம், பார்த்ததையும் செய்ததையும் கேளுங்கள்.

தேயிலை விவசாயிகள் கூட்டத்தில், "பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காததற்குக் காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள்?" என்று ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செய்தித்தாள் படிக்கும் ஒருவர் எழுந்து ஏற்றுமதி, ஏலம், இறக்குமதி என்று பத்து நிமிடம் பேசுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவர் சொல்வது தவறாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அதில் சேர்த்துச் சொல்ல எதுவும் இல்லை.

அதற்குப் பதிலாக, "கடைசியாக நீங்கள் இலை கொடுத்தபோது எடை போட்ட இடத்தில் யார் இருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் இருந்திருக்க மாட்டார்கள். இருந்தவர்களிடம், "எவ்வளவு கழித்தார்கள்?" என்று கேளுங்கள். மழை நாளில் ஈரத்துக்கு ஒரு கழிவு, முற்றின இலைக்கு ஒரு கழிவு என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, ஒருவருக்கு ஒரு கணக்கும் இன்னொருவருக்கு வேறு கணக்கும் இருப்பது தெரியவரும். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்தே ஒருவர் கேட்பார்: "ஒரே வண்டியில்தானே போகுது, எனக்கு மட்டும் எப்படி இவ்வளவு?" உங்கள் அடுத்த கேள்வியை இப்போது கூட்டமே கேட்டுவிட்டது. தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு அறிவிக்கும் விலையை இந்த இடத்தில் பலகையில் எழுதி, "உங்கள் சீட்டில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டால் போதும். தொடக்கத்திலேயே அதைச் சொல்லியிருந்தால் வெறும் தகவலாகக் காதில் விழுந்து போயிருக்கும்.

கூட்டம் நடத்தும் பயிற்சிகளில் இந்த வரிசையை நான்கு படிகளாகச் சொல்லித்தருவார்கள். முதலில் பார்த்தது, அப்புறம் மனதில் பட்டது, அப்புறம் அதற்கு என்ன அர்த்தம், கடைசியில் என்ன செய்யப்போகிறோம். இந்த வரிசை நல்ல வரிசை. நம் கூட்டங்கள் பலவற்றில் முதல் மூன்றையும் தாண்டி நேராக நான்காவதற்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் எல்லாத் தீர்மானங்களும் ஒரே மாதிரி இருக்கின்றன.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்கவே கூடாதா?

தாராளமாகக் கேட்கலாம், இடம் தெரிந்து கேட்க வேண்டும். "தண்ணீர் வருகிறதா?" என்று கேட்டால் "வருது" என்பதோடு பேச்சு முடிந்தது. "போன வாரம் எந்தெந்த நாள் தண்ணீர் வந்தது, எத்தனை குடம் பிடித்தீர்கள்?" என்றால் பேச்சு வளரும். ஆனால் ஒரு மணி நேரம் பேசி முடித்த பிறகு, "ஞாயிற்றுக்கிழமை தொட்டியைச் சுத்தம் செய்வது என்று வைத்துக்கொள்ளலாமா?" என்பதற்கு ஆம், இல்லைதான் வேண்டும். அங்கேயும் நீட்டிக்கொண்டிருந்தால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள்.

கேள்வி கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்ன செய்வது?

காத்திருங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள், அல்லது வேறு பிள்ளையிடம் போய்விடுவார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதுமே பதில்கள் நீளமாயின, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள், "தெரியாது" என்பது குறைந்தது.

நம் ஊர்க் கூட்டங்களில் மூன்று விநாடி போதவே போதாது. படுகர் ஊர்களில் நீங்கள் தமிழில் கேட்பதை அவர்கள் படுகு மொழியில் தங்களுக்குள் பேசிப் பார்த்துவிட்டுத்தான் தமிழில் பதில் சொல்வார்கள். அந்த முணுமுணுப்பைப் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். "அமைதி, அமைதி" என்று அடக்கினால் நீங்களே கூட்டத்தைக் கெடுத்தவர் ஆவீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்தில் ஒரே கூட்டத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள், மலையாளம் பேசுபவர்கள், பழங்குடிகளான பணியர், காட்டுநாயக்கர் என்று பலரும் இருப்பார்கள். அங்கே கேள்வியை ஒருமுறை சொல்லிவிட்டு, புரிந்த ஒருவரை அவர்கள் பேச்சிலேயே மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அவர் வேறு மாதிரி மாற்றிச் சொன்னாலும் பரவாயில்லை, பல நேரம் அவர் சொல்வதுதான் நல்ல கேள்வியாக இருக்கும்.

காத்திருக்கும்போது கேள்வியை மாற்றி மாற்றிச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் யோசித்துக்கொண்டிருந்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இருபது விநாடிக்கும் மேல் ஆகியும் அசைவில்லை என்றால் கேள்வி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். "சரி, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள்" என்று விட்டுவிடலாம். இப்படி இரண்டிரண்டு பேராகப் பேச விடும் முறை பின்னால் வரும் பதிலிலும் வரும்.

ஊர்ப் பெரியவர் ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார். மரியாதை குறையாமல் மற்றவர்களைப் பேச வைப்பது எப்படி?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். நகரத்துப் பயிற்சிகளில் சொல்லித்தருகிற "எல்லோருக்கும் சம நேரம்" என்ற விதியை அப்படியே ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், கொண்டுபோய்ப் போட்டால் பெரியவரும் வருத்தப்படுவார், இளையவர்களும் சங்கடப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

பெரியவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வியை முதலில் அவரிடம் கேளுங்கள். "ஐயா, நீங்க சின்ன வயசுல இருந்தப்ப இந்த ஓடையில கோடையிலும் தண்ணி இருந்துச்சா? தேயிலை வர்றதுக்கு முன்னால இந்தச் சரிவுல என்ன விதைச்சாங்க?" அவர் சாமை, கோதுமை, உருளைக்கிழங்கு என்று சொல்லிக்கொண்டு வருவார். உண்மையாகவே காது கொடுத்துக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஓடை எப்போது வற்றத் தொடங்கியது என்பது எந்த அலுவலகக் கோப்பிலும் கிடைக்காது. அப்புறம், "இப்போ தினமும் ஓடைக்குப் போறது யார்?" என்று கேளுங்கள். அவர் போவதில்லை என்பது அவருக்கே தெரியும். "அதை இவங்ககிட்ட கேளுங்க" என்று அவரே கைகாட்டுவார். இப்போது பேசும் பெண்ணுக்குப் பெரியவரின் அனுமதியும் சேர்ந்தே இருக்கிறது.

முதலில் பேசுபவரின் கருத்து மற்றவர்களை எவ்வளவு இழுக்கும் என்பதை உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951இல் ஒரு சோதனையில் காட்டினார். காட்டிய கோட்டின் நீளத்துக்குச் சமமானது மூன்று கோடுகளில் எது என்ற சாதாரணக் கேள்வி. ஏற்கெனவே பேசிவைத்த ஆட்கள் ஒரே குரலில் தவறான பதிலைச் சொன்னபோது, விஷயம் தெரியாமல் வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது அதே தவறான பதிலைச் சொன்னார்கள். கண்ணுக்கு நேராக இருக்கும் கோட்டுக்கே அப்படி. ஊர்ப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதற்கு எப்படி இருக்கும்? அதே வரிசைச் சோதனைகளில், ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னாலும் மற்றவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஆகவே கருத்துக் கேட்கும் கட்டம் வரும்போது பெரியவரிடம், "ஐயா, எல்லோரும் சொன்ன பிறகு நீங்க முடிச்சு வையுங்க" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் பேசுவது நம் ஊரில் பெருமைதான். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

பெண்கள் பின்னால் உட்கார்ந்துகொண்டு பேசாமலே போகிறார்கள். இதற்கும் கேள்வியிலேயே வழி உண்டா?

பாதி வழி கேள்விக்கு வெளியே இருக்கிறது. மாலை நான்கு மணிக்குக் கூட்டம் வைத்தால் இலை பறிக்கப் போனவர்கள் வர முடியாது. ஆறரைக்கு வைத்தால் வருவார்கள், ஆனால் கடைசி பஸ்ஸையும் அடுப்பையும் காட்டெருமை வரும் வழியையும் நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். "உங்களுக்கு எந்த நேரம் வசதி?" என்பதை அவர்களிடமே கேட்டு அந்த நேரத்தில் வைப்பதுதான் முதல் நல்ல கேள்வி. வட்டமாக உட்கார வைத்தால் பின் வரிசை என்ற ஒன்றே இருக்காது.

மீதிப் பாதிக்கு, இரண்டிரண்டு பேராகப் பேச விடும் முறையைப் போல உதவியானது வேறில்லை. முதலில் தனியாக யோசிப்பது, அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது, கடைசியில் எல்லோருக்கும் சொல்வது. பள்ளிகளுக்காக இதை ஃப்ராங்க் லைமன் 1981இல் எழுதினார். வகுப்பறையைவிட நம் குழுக் கூட்டங்களுக்கு இது அதிகம் பொருந்துகிறது என்பது என் எண்ணம். ஏனென்றால் சொல்லும்போது, "நான் சொல்றேன்" என்று சொல்ல வேண்டியதில்லை, "நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதுல" என்று தொடங்கலாம். அந்தப் பன்மைக்குள் ஒருவர் துணிந்து நிறையச் சொல்லிவிடுவார்.

பெயர் சொல்லித் திடீரென்று, "நீங்க சொல்லுங்கக்கா" என்று கைநீட்டாதீர்கள். பேச விருப்பம் இருந்தவரும் சுருங்கிப்போவார்.

"ஏன்?" என்று கேட்டாலே எதிரில் இருப்பவர்கள் விறைத்துக்கொள்கிறார்களே?

அது விசாரணை மாதிரி ஒலிக்கிறது. கடைக்காரர்கள் கூட்டத்தில், "ஏன் இன்னும் பிளாஸ்டிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால், ஒன்று பொய் வரும், அல்லது கோபம் வரும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை இருக்கிறது. நீலகிரியில் அதற்கு முன்பிருந்தே கட்டுப்பாடுகள் உண்டு. தடை இருப்பது தெரிந்தவரிடம் ஏன் என்று கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்.

"எந்த மாதிரி வாடிக்கையாளர் வரும்போது பை இல்லாமல் சமாளிக்க முடியவில்லை?" என்று கேளுங்கள். மழையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும் சுற்றுலாப் பயணி, ஈரமான மீன், சூடான போண்டாவோடு சட்னி என்று மூன்று நான்கு நிஜமான சந்தர்ப்பங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி தேடலாம். ஏன் என்பதை எப்போது, எப்படி, எந்த நிலைமையில் என்று மாற்றினால் பெரும்பாலும் போதும்.

கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிடுகிறேன் என்று சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

வாக்கியம் "தானே?", "இல்லையா?" என்று முடிந்தால் சந்தேகப்படுங்கள். "வேலி போட்டால் காட்டெருமை வராதுதானே?" என்பதற்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள், வேலிக்குத் தீர்மானம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வேலி வேண்டுமா என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இதற்கு வரைபடம் நல்ல மருந்து. கிராம மக்களையே தரையில் ஊரை வரையச் சொல்லும் முறையை ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் 1980களின் கடைசியிலிருந்து பரப்பினார்கள். சாக்பீஸோ கோலமாவோ இருந்தால் சமுதாயக் கூடத் தரை போதும். வீடுகள், தோட்டம், சோலை, ஓடை, சாலை எல்லாம் வரைந்த பிறகு, "இந்த மாதம் காட்டெருமையைப் பார்த்தவர்கள் பார்த்த இடத்தில் ஒரு கல் வையுங்கள்" என்று சொல்லுங்கள். கரடிக்கு வேறு நிறக் கல். கற்கள் ஒரு இடத்தில் குவியும். "இந்த இடத்தில் என்ன இருக்கிறது?" என்பதுதான் அன்றைய கேள்வி. குப்பைக் குழி இருக்கலாம், உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும் கைவிட்ட தோட்டமாக இருக்கலாம், தெருவிளக்கு எரியாத வளைவாக இருக்கலாம். வேலியைப் பற்றி அதன் பிறகு பேசினால் எங்கே, எவ்வளவு நீளம் என்று பேசுவார்கள்.

பழங்குடி மக்களோடு கூட்டம் நடத்தும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. வெளியிலிருந்து வருபவர்கள் வந்து வந்து கேட்டுப் போன இடங்கள் அவை. குடும்பத்தில் எத்தனை பேர், நிலம் எவ்வளவு, பட்டா இருக்கிறதா என்று தொடங்கினால் இன்னொரு கணக்கெடுப்பு என்று நினைத்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது, முன்பு சொன்ன பதில்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை. நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், எழுதுவது எங்கே போகும் என்பதை முதலில் சொல்லுங்கள். அப்புறம், "எங்களிடம் நீங்கள் கேட்க விரும்புவது என்ன?" என்று கேட்டு அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் கேள்விகளுக்கு நேரம் இல்லாமல் போனாலும் நல்லது.

பேச்சு சண்டையாக மாறினால்?

"நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க, என்ன நடந்தது?" என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். "அவங்க எப்பவும் இப்படித்தான்" என்பதெல்லாம் ஒரு நாளுக்கும் ஒரு சம்பவத்துக்கும் சுருங்கும்போது சத்தம் தணியும். பழைய நிலத் தகராறு, குடும்பப் பகை என்றால் அன்று பேச வேண்டியதை ஒத்திவையுங்கள். கேள்வியால் தீராத விஷயங்கள் இருக்கின்றன.

கிராம சபையில் இதெல்லாம் நடக்குமா?

முழுதாக நடக்காது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். கூட்டப்பொருள் முன்கூட்டியே வரும், நேரம் குறைவு, நடத்துவதும் நீங்கள் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரம் குழுவில் உட்கார்ந்து கேள்வியைத் தயார் செய்யலாம். "எங்க ஊருக்கு ஒண்ணுமே செய்யலையே" என்று எழுந்தால், "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற பதிலோடு உட்கார வேண்டியிருக்கும். "போன நிதியாண்டில் மேல் ஹட்டி குடிநீர்க் குழாய் வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது, வேலை எந்தத் தேதியில் முடிந்தது?" என்று கேட்டால் பதிவேட்டைப் புரட்டித்தான் ஆக வேண்டும். ஒருவர் ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும். ஒருவரே ஐந்து கேள்வி கேட்டால் பதில் சொல்பவர் சுலபமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார்.

ஒரு கூட்டத்துக்கு எத்தனை கேள்விகளைத் தயார் செய்ய வேண்டும்?

ஒன்றரை மணி நேரத்துக்கு நான்கு போதும், ஐந்தாவது கையிருப்பு. எழுதி வைத்ததை வீட்டில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். படிக்கும்போது மூச்சு வாங்கினால் இரண்டாக உடையுங்கள். கூட்டத்தில் அவர்கள் வேறு திசையில் போனால், அந்தத் திசையில் விஷயம் இருந்தால், உங்கள் தாளை மடித்து வைத்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வியாக எதைக் கேட்பது?

"எல்லோருக்கும் சரிதானே?" என்பதைத் தவிர எதையும் கேட்கலாம். நான் வழக்கமாக மூன்று கேட்பேன். இதில் எதை யார் செய்யப்போகிறீர்கள்? எந்தத் தேதிக்குள்? மூன்றாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்: இன்று வராதவர்களுக்கு இதை யார் போய்ச் சொல்வது? மழையென்றும் வேலையென்றும் வராமல் போனவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் காதுக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் போனால் போதாது, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். பெயரோடும் தேதியோடும் பதிவேட்டில் எழுதி, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன் கூட்டத்தை முடித்துவிடுங்கள்.